வெள்ளிக்கிழமைக் குழிகள்

இன்றைக்கு நீங்கள் திரையில் விரலை வைத்து இழுத்தால் மலை சுற்றுகிறது. கேட்டால் நிறமும் மாற்றிக் காட்டுகிறது. போன மாதம், தண்ணீர்ப் படம் வரையப் படிக்கும் உங்களில் ஒருவர் என் வீடு தேடி வந்து, "மிஸ், படம் நல்லா வந்திருக்கு, பாருங்க" என்று மடிக்கணினியைத் திறந்து வைத்தார். பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. "இதில எந்தப் புள்ளிய நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்க?" என்று கேட்டேன். பிள்ளை முழித்த முழி இருக்கிறதே! அந்த முழிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படி முழித்தவள்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கல்முனையில், தண்ணீர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில், எங்கள் வழக்கில் கந்தோரில், நான் படவரைஞராக இருந்தேன். அந்தக் கந்தோரில் ஒரே பெண் நான்தான். வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று எங்களுக்குக் கொம்பியூட்டர் ஒன்றைக் கொடுத்திருந்தது. அதற்கென்று தனியறை, தனிக் குளிரூட்டி. செருப்பைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் பொறியியலாளர் அதை ஓட்டப் பயிற்சி எடுத்து வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனுசன். முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனை, முகத்தில் சிரிப்பென்று ஒன்று மாதத்துக்கு ஒரு தரம் வரும். பெயர் சொல்ல மாட்டேன். 'சேர்' என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தக் கொம்பியூட்டரில் ஒரு மென்பொருள் இருந்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் மூன்று எண் கொடுக்க வேண்டும். கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது. அவ்வளவுதான். அது அந்த எண்களின் மேல் ஒரு வலையை விரித்துப் பச்சைக் கோடுகளால் மேடு பள்ளமாகக் காட்டும். திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் கோணத்தை எண்ணாகத் தட்ட வேண்டும். தட்டிவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் பாதி வலை வந்திருக்கும். உயரத்தை மட்டும் பல மடங்கு பெருப்பித்துக் காட்டும். இல்லாவிட்டால் எங்கள் கரையோரம் தட்டையாகத்தான் தெரியும்.

முதல் மாதத்திலேயே நான் மாட்டிக்கொண்டேன். ஒரு கிணற்றின் அளவு வந்து சேரவில்லை. பிறகு போடலாமென்று அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். இயந்திரத்துக்கு வெறுமையென்றால் சைபர். படத்தின் நடுவில் ஒரு பாதாளம் விழுந்தது. சேர் முழுக் கந்தோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்கோ, ஜெஸீமா பிள்ளை கல்முனைக்குக் கீழ சுரங்கம் வெட்டியிருக்கிறா!"

அந்த மாதத்துக்குரிய சிரிப்பு அன்றைக்குத்தான் வந்தது. எனக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் கதிரையை விட்டு எழும்பியதில்லை. இந்தப் பழக்கத்தை நீங்களும் பிடித்துக்கொண்டால் நல்லது. ஆனால் அது மட்டும் போதாது என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

எங்கள் ஊரின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் மணல் மேடு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, நடு ஊரில் மேடு போல உயர்ந்து நல்ல தண்ணீராக நிற்கும். கடற்கரைத் தெருவில் கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும். ஆகவே அந்தத் தெருப் பெண்கள் நடு ஊருக்கு வந்து வீடு வீடாக அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருவர் ஸபியா றாத்தா. எனக்குத் தூரத்து உறவில் அக்கா முறை. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி, ஒரு நாளைக்கு ஐந்து நடை. புருஷன் கடலுக்குப் போகிறவர். மூத்த மகளும் காலையில் இரண்டு நடை போய்வந்த பிறகுதான் பள்ளிக்கூடம் போவாள். முதல் பாடம் என்னவென்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

நடு ஊரில் பொதுக்கிணறு கட்டி, தண்ணீர்த் தாங்கி எழுப்பி, குழாய் வழியாகக் கடற்கரைத் தெருவுக்குக் கொண்டுபோக ஒரு திட்டம் வந்தது. றாத்தா என்னைக் காணும் போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"என்னகா, குழாய் எப்ப வரும்?"

"வரும் றாத்தா, அளந்துக்கிட்டு இரிக்காங்க."

"அளந்து அளந்தே கடல் வத்திரும் போல!"

அளந்தவர்கள் ஆதம்பாவாக் காக்காவும் உதுமாலெவ்வையும். எங்கள் வெளிக்கள உதவியாளர்கள். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். அக்கரைப்பற்றுக்காரரான ஆதம்பாவாக் காக்கா அளவு எழுதும் கையெழுத்துப் புத்தகத்தை அச்சுப் போல வைத்திருப்பார். ஒரு எண்ணையும் அளக்காமல் வீட்டிலிருந்து எழுதும் ஆளில்லை. அவர்கள் கொண்டுவந்த அளவுகளை நான் மூன்று முறை ஒப்பிட்டு ஏற்றினேன். புதன்கிழமை சேர் படத்தை வரவைத்தார்.

நடுவில் மேடு நிற்க வேண்டிய இடத்தில் ஐந்து பெரிய குழிகள்! தண்ணீர் கடல் மட்டத்துக்கும் கீழே போயிருந்தது.

சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மறுபடியும் சைபர் போட்டிட்டியோ?"

"இல்ல சேர்!"

புத்தகத்தை எடுத்து, அவர் வாசிக்க நான் திரையைப் பார்க்க, ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஒரு பிழையும் இல்லை. அப்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. என் மேல் பிழையில்லை என்று தெரிந்ததும் மற்றதையெல்லாம் மறந்துவிட்டேன். சேர்தான் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப இது உண்மை. ஊர் கனக்கத் தண்ணி இறைக்குது. இன்னும் இறைச்சால் கடல் உள்ளுக்கு வந்திடும். இந்த இடத்தில திட்டம் சரிவராது."

செவ்வாய்க்கிழமை அவர் கொழும்புக்குப் போவதாக இருந்தது. அறிக்கையில் 'பொருத்தமற்றது' என்று எழுதினால் திட்டம் தெற்கே வேறோர் ஊருக்குப் போய்விடும். கடற்கரைத் தெருவுக்கு இனி எந்தக் காலத்திலும் குழாய் வராது. வியாழன் காலையில் றாத்தாவை வழியில் கண்டேன். "குழாய் எப்ப வரும்?" என்று கேட்டுவிடப் போகிறாரே என்று மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்தேன். அப்படிப்பட்ட கோழை நான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எங்கள் கந்தோர் காலியாகிவிடும். ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். சேர் வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், விடுதிக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். இரண்டு மணி வரை கொம்பியூட்டர் எனக்குத்தான். அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் நான் அந்த மென்பொருளைப் படித்தேன். யாரும் பின்னால் நின்று "அதை அமத்து, இதை அமத்து" என்று சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்குப் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மேற்கேயிருந்து, கடல் பக்கமிருந்து, சாய்த்து, நிமிர்த்தி. குழிகள் குழிகளாகவே இருந்தன. கடைசியில் நேர் மேலேயிருந்து பார்க்கும் கோணத்தைத் தட்டினேன். அப்படிப் பார்த்தால் அழகு போய்விடும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் எதெது எங்கெங்கே என்று அப்போதுதான் தெரியும். அதைப் பிறிண்டரில் எடுத்து, அளவைச் சரிப்படுத்தி, நான் கையால் வரைந்த ஊர்ப் படத்தின் ஒளிபுகும் தாளை அதன் மேல் வைத்தேன்.

ஐந்து குழிகளும் ஐந்து பள்ளிவாசல்களின் மேல் இருந்தன.

அல்லாவே, இது என்ன! அந்த நேரம் கந்தோருக்கு அடுத்த பள்ளியில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் ஓடுவதுதான். ஜும்ஆவுக்கு முந்தி கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கும் தொட்டியை நிரப்ப வேண்டும், நூற்றுக்கணக்கான பேர் வருவார்கள், ஆகவே நிறுத்தாமல் இறைப்பார்கள். வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் கவனித்ததில்லை. ஓடிப்போய்க் கையெழுத்துப் புத்தகத்தைப் புரட்டினேன். பள்ளிக் கிணறுகள் ஐந்தும் ஐந்து வெள்ளிக்கிழமைகளில், பன்னிரண்டு மணியை ஒட்டி அளக்கப்பட்டிருந்தன. வேறு எந்தக் கிணறும் அப்படியில்லை.

ஜும்ஆ முடிந்து, தலையில் தொப்பியும் மேலில் அத்தர் வாசமுமாக ஆதம்பாவாக் காக்கா வந்தார். கதவடியிலேயே மறித்தேன்.

"காக்கா, பள்ளிக் கிணறெல்லாம் ஏன் வெள்ளிக்கிழமையே அளந்த?"

"ஜும்ஆவுக்குப் போன கையோட அளந்தம், தங்கச்சி. கிழமைக்கு ஒரு பள்ளி. வேலையும் முடிஞ்சி, தொழுகையும் முடிஞ்சி."

"நடு ஊருக்குள்ள வேற கிணறே இல்லையா? வீட்டுக் கிணறு எத்தின கிடக்கு!"

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "ஊட்டுக் கிணறெல்லாம் பின்வளவுக்குள்ள. ஆம்புளயள் கடையிலயும் வயல்லயும். பொம்புளயள் மட்டும் இரிக்கிற ஊட்டுக்குள்ள நாங்க நாடாவத் தூக்கிட்டு எப்படிப் போற? பள்ளிக் கிணறெண்டா ஆரும் போகலாம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஒழுக்கமான மனிதர் செய்கிற வேலையைத்தான் செய்திருந்தார். ஆனால் அதனால் என்ன நடந்தது? நடு ஊர் முழுவதற்கும் எங்களிடம் இருந்தது ஐந்தே ஐந்து கிணறு. அந்த ஐந்தும் கிழமையிலேயே அதிகமாக இறைக்கும் நேரத்தில் அளந்தவை. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒன்றும் இல்லாதபோது, அந்த மென்பொருள் வலையைத் தானாக இழுத்துத் தைத்துவிடும். பள்ளிக் கிணற்றுக்குள் மட்டும் இருந்த பள்ளத்தை ஊர் முழுக்க விரித்துக் காட்டியது அதுதான். எண்களெல்லாம் உண்மை. படம் பொய்.

சேர் வந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"நல்ல காரணம். ஆனால் காரணம் எவரும் சொல்லுவினம், பிள்ளை. கொழும்பில என்னட்ட எண் கேப்பினம். என்னட்ட இருக்கிற எண் இந்தக் குழிதான்."

"வேற எண் கொண்டு வந்தா?"

"திங்கள் பின்னேரம் வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குப் பிறகு நான் எழுதினது எழுதினதுதான்."

கந்தோரை விட்டு நேரே றாத்தாவிடம் போனேன். முதல் நாள் ஒளித்து நடந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒளிச்சியா நீ? வெக்கங்கெட்டவளே! சரி, இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

"ஊட்டு ஊட்டுக்குப் போய்க் கிணறு அளக்கணும் றாத்தா. என்ன உள்ளுக்கு விடுவாங்களா?"

"என்ன விடாம ஆர விடுவாங்க? இந்த ஊர்ல எந்தக் கிணத்தில நான் குடம் வைக்கல்ல?"

உண்மைதான். எந்த வீட்டில் எந்த நேரம் ஆண்கள் இருக்க மாட்டார்கள், எந்த வளவில் நாய் இருக்கிறது, எந்தக் கிணற்றில் கயிறு நீளம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் கந்தோரில் எந்தப் படத்திலும் இல்லாத விவரம் அந்த மனுசியின் தலைக்குள் இருந்தது.

சனிக்கிழமை காலை தொடங்கினோம். ஆதம்பாவாக் காக்காவும் உதுமாலெவ்வையும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிக் கிணறு ஐந்தையும் திரும்ப அளந்துவிட்டு வந்தார்கள். தண்ணீர் ஏறி நின்றதென்று காக்கா சொன்னபோது அவர் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து இருந்தன. பிறகு வீடுகள். கிணற்றுக்கட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் உயரம், ஆகவே நாடா மட்டும் போதாது. கட்டடம் கட்டும் மேசன்மார் மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டோம். அதன் ஒரு முனையைத் தெருவில் உயரம் தெரிந்த முளையடியில் ஆண்கள் பிடித்துக்கொள்வார்கள். மறுமுனை வேலிக்குள்ளால் வந்து, பின்வளவுக் கிணற்றடியில் எங்கள் கையில் இருக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்துக் கணக்குப் பார்க்கலாம்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆதம்பாவாக் காக்கா கத்துவார். "தண்ணி நிண்டுட்டா?"

"இன்னும் ஆடுது!"

"ஆடாமப் புடிங்களன்!"

"நீங்க மொதல்ல ஆடாம நில்லுங்க!" என்று வீட்டுக்காரப் பெண்கள் திருப்பிக் கத்துவார்கள். சிரிப்புத் தாங்காது. ஒரு வீட்டில் மூன்று பெண்கள் நாடாவைப் பிடிக்கச் சண்டை. இன்னொரு வீட்டில் குழாய்க்குள் குமிழி வந்துவிட்டதென்று ஒரு மாமி வாயை வைத்து ஊதிவிட்டார். அந்தப் பக்கம் நின்ற உதுமாலெவ்வையின் சட்டை நனைந்தது. யார் யார் அளந்தார்களோ அவர்கள் பெயரைக் கேட்டுப் புத்தகத்தில் எழுதினேன். "எங்கட பேருமா?" என்று அந்தப் பெண்கள் கேட்டபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! இரண்டு நாளில் முப்பத்திரண்டு கிணறு.

திங்கள் காலை எண்களை ஏற்றினேன். கோடு கோடாக வலை வந்தது. நடு ஊரில் எருமை முதுகு போல மேடு எழும்பியது. ஆதம்பாவாக் காக்கா என் பின்னால் நின்று "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அந்த முதுகின் நடுவில் ஒரு குழி விழுந்தது. ஒரே ஒரு குழி. பக்கத்தில் பள்ளியில்லை, மோட்டாரும் இல்லை. மரியங்கண்டு மாமி வீட்டுக் கிணறு.

"ஒண்டுதானே தங்கச்சி, அதத் தூக்கிருவம்" என்றார் காக்கா.

சொல்லப்போனால் அவர் சொல்வதற்கு முந்தியே என் விரல் அழிக்கிற விசையின் மேல் இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? முப்பத்தொரு கிணறு நல்ல சாட்சி சொல்கிறது. சேர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. ஸபியா றாத்தாவின் தெருவுக்குத் தண்ணீர் வரும். இதைவிட நல்ல காரியத்துக்கு ஒருவர் ஓர் எண்ணை அழிக்க முடியுமா?

நான் அழிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. பயந்தவள் என்பதால். ஐந்து குழியை நம்பாதீர்கள் என்று சேரிடம் சண்டை பிடித்துவிட்டு ஆறாவதை ஒளித்தால், முதல் ஐந்தையும் நான் ஒளித்ததாகத்தான் ஆகும். உங்களுக்கும் இப்படியொரு விசை முன்னால் வரும். அப்போது கையை எடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்தக் கிணற்றடிக்குப் போங்கள். நான் போனேன்.

மாமி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். றாத்தா அங்கேதான் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்.

"மாமி, நேத்து நாங்க அளக்க வாறதுக்கு முந்தி கிணத்துக்கு என்னவும் செஞ்ச நீங்களா?"

"செய்யாம? கந்தோரிலருந்து அளக்க வாறாங்க எண்டு ஸபியா சொன்னா. ஊத்தக் கிணத்தக் காட்ட ஏலுமா மகள்? சுபஹோட ஆள் புடிச்சி, நீங்க வாறதுக்குக் கொஞ்சம் முந்தி வரைக்கும் அடிமணல் தெரிய இறைச்சிக் கழுவிப் போட்டன்!"

நான் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துச் சிரித்து அழுகை வந்தது. விருந்தாளி வருகிறார்களென்று வீடு கூட்டுவது போல மனுசி கிணற்றைக் கூட்டி வைத்திருக்கிறார்! றாத்தாவுக்குத்தான் விஷயம் உடனே விளங்கியது.

"படச்சவனே! எண்ட தண்ணியில நீங்களே மண்ணப் போட்டுட்டீங்களே மாமி!"

"நான் என்னத்தக் கண்டன்? நல்லதுக்குத்தானே செஞ்ச!" மாமியின் கண் கலங்கிவிட்டது.

நாடாவை இறக்கினேன். தண்ணீர் மற்றக் கிணறுகளின் மட்டத்துக்கு ஏறி நின்றது. கந்தோருக்கு ஓடி, படத்தையும் குழியையும் சேர்த்தே சேரின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அவ இறைச்சா எண்டு அவ சொல்லுறா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நீங்களே வந்து பாருங்க சேர். உங்கட கண்ணுக்கு முன்னுக்கு இறைச்சிக் காட்டுறம்!"

அப்படி அவரிடம் யாரும் கதைத்ததில்லை. நானும் கதைத்ததில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனையை மூடினார். "நட" என்றார்.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். சேர் கிடுகு வேலிக்கு வெளியே முளையடியில் ஒரு கதிரையில், மடியில் புத்தகம், கையில் கடிகாரம். உள்ளே நாங்கள். செய்தி பரவி அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வாளியோடு வந்துவிட்டார்கள். மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் வாளியை இழுத்தார். பிறகு றாத்தா. அந்த மனுசி இறைத்ததைப் போல எந்த மோட்டாரும் இறைத்திருக்காது. மாற்றி மாற்றி இறைத்து, அடிமணல் தெரிந்ததும், "நிப்பாட்டியாச்சி சேர்!" என்று கத்தினேன்.

"நேரம் எழுதியாச்சு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருக்கா அளவு சொல்லு."

எல்லோரும் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் ஐந்து நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு மணலின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் கசிந்து கசிந்து வரத் தொடங்கியது. நான் எண்ணைக் கத்துவேன், வேலிக்கு வெளியேயிருந்து சேர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். பத்தாவது எண்ணுக்குப் பிறகு பெண்களும் என்னோடு சேர்ந்து கத்தத் தொடங்கிவிட்டார்கள். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது தண்ணீர், இறைக்க முந்தி நின்ற அடையாளத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

கடைசி எண்ணைச் சொன்னேன். வேலிக்கு வெளியே புத்தகத் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சேர்?"

"இன்னொருக்கா சொல்லு பிள்ளை."

இன்னொரு முறை சொன்னேன்.

"கிணறு இவ்வளவு கெதியா ஊறுமெண்டு நான் நினைக்கேல்லை" என்றார். குரல் மாறியிருந்தது. "இந்தப் பரிசோதனையைத்தான் நாங்கள் முதல் நாளே செய்திருக்க வேணும். அந்த அம்மாவிட்டச் சொல்லு, அவ செய்தது பிழையில்லையெண்டு. அவ கிணறு இறைச்சபடியாத்தான் எனக்கு இந்த மணல் எவ்வளவு தண்ணி தருமெண்டு தெரிஞ்சது."

மாமிக்கு எழும்பிய பெருமையைச் சொல்ல வார்த்தையில்லை. அதற்குப் பிறகு தெருவில் என்னைக் கண்டால், தன் கிணறு கொழும்புக்குப் போனதை எனக்கே கதையாகச் சொல்வார்.

ஓம், கொழும்புக்குத்தான் போனது. செவ்வாய் காலை சேர் பழைய அறிக்கையைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, புதுப் படத்தையும் மாமி வீட்டு எண்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். பன்னிரண்டரை மணி, கந்தோரில் நான் மட்டும்தான். மரக்கறிச் சாப்பாட்டைக்கூட மறந்து நேரே என் மேசைக்கு வந்தார்.

"கேட்டினம்," என்றார். "மூடின வளவுகளுக்குள்ள முப்பத்திரண்டு கிணறு எப்பிடி அளந்தனீங்கள், எங்கட ஆக்களுக்கு எங்கேயும் முடியேல்லையே எண்டு கேட்டினம்."

"நீங்க என்ன சொன்ன நீங்க சேர்?"

"அவதானித்தவர்களின்ர பேர்ப் பட்டியலை எடுத்து வச்சன். முழுக்கப் பொம்பிளையள். அதை 'வெளிக்கள ஊழியர்' எண்டு சுருக்கச் சொன்னாங்கள். ஒரு பேரையும் எடுக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். திட்டம் சரி. கையெழுத்து வச்சாச்சு."

சொல்லிவிட்டு மனுசன் சிரித்தார். அந்த மாதத்தில் அது இரண்டாவது தரம். அவர் போன பிறகு படவரைமேசையில் தலையை வைத்து ஆசை தீர அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கலியாண நாளில்கூட வந்ததில்லை. இதை என் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதன்பிறகு எத்தனையோ மென்பொருள் வந்தது, போனது. நானும் எத்தனையோ படம் வரைந்தேன். படத்தில் குழி விழுந்தால் யார், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில், எந்தக் கதவால் உள்ளே போய் அளந்தார்கள் என்று கேட்பேன். யார் உள்ளே போக முடியாமல் வெளியில் நின்றார்கள் என்றும் கேட்பேன். என்னோடு வேலை செய்தவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. நீங்களும் அந்தத் தொந்தரவைப் பிறருக்குக் கொடுங்கள்.

குழாய் வர ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. வந்தது. கடற்கரைத் தெருவில் தண்ணீர் திறந்த அன்றைக்குப் பந்தல், மாலை, பேச்சு எல்லாம் இருந்தன. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த நாள்.

காலை எட்டு மணிக்கு ஸபியா றாத்தா எங்கள் கந்தோர் வாசலில் நின்றார். குடமில்லை, வாளியில்லை. அவரை அப்படி நான் கண்டதேயில்லை. ஒரு கையை இடுப்பில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். முதல் நாளே குழாய் பழுதோ?

"என்ன றாத்தா? தண்ணி வரல்லயா?"

"வந்திட்டு. எல்லாம் நிரப்பி வச்சிட்டன். மகளும் மணி அடிக்க முந்தியே பள்ளிக்கூடம் போயிட்டாள்." கொஞ்சம் தயங்கி, வெட்கத்தோடு சிரித்தார். "நேரம் கிடக்குடி ஜெஸீமா. இந்த நேரத்தில நான் சும்மா இருந்ததே இல்ல. என்ன செய்யிறதெண்டு விளங்கல்ல. அதான் உன்னப் பாத்துட்டுப் போவம் எண்டு வந்தன்."

செருப்பைக் கழற்றச் சொல்லி, குளிரூட்டி அறைக்குள் கூட்டிப்போய், சேரின் கதிரையில் உட்கார வைத்தேன். தேத்தண்ணி வந்தது. றாத்தா அதை ஆறவிட்டு, ஒவ்வொரு மிடறாக, அவசரமே இல்லாமல் குடித்தார்.